500 மரங்கள், 500 விடைகள்: ரேண்டம் ஃபாரஸ்ட் ரெக்ரஷனில் சராசரியா, இடைநிலையா, எடையிட்ட சராசரியா?

ரெக்ரஷனுக்கு, அதாவது ஓர் எண்ணைக் கணிக்க, ரேண்டம் ஃபாரஸ்டைப் பயன்படுத்துபவர்கள் கடைசிப் படியைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. தரவைக் கேள்வி கேள்வியாகப் பிரித்துக்கொண்டே போகும் முடிவு மரங்கள் 500 வளர்கின்றன. பிரிக்கும் ஒவ்வோர் இடமும் பிளவு; கடைசியில் பிரியாமல் நிற்கும் பதிவுக் குழு இலை. புதிய பதிவு ஒன்று வந்தால் 500 எண்கள் கிடைக்கின்றன. மென்பொருள் அவற்றின் கூட்டுச் சராசரியைக் கணக்கிட்டுத் தந்துவிடுகிறது. லியோ பிரைமன் 1996இல் பேகிங் முறையை (தரவிலிருந்து தற்செயலாக எடுத்த பல மாதிரிகளில் தனித்தனி மரம் வளர்த்து விடைகளைத் திரட்டுவது) எழுதியபோதும், 2001இல் அதை ரேண்டம் ஃபாரஸ்டாக விரித்தபோதும் இதைத்தான் சொன்னார்: வகைப்பாடு என்றால் வாக்கெடுப்பு, எண் என்றால் சராசரி.

ஒன்றிரண்டு பெரிய மதிப்புகள் கணிப்பை மேலே இழுப்பது கண்ணில் படும்போதுதான் கேள்வி எழுகிறது. சராசரிக்குப் பதில் இடைநிலை எடுக்கலாமா? ஓரங்களை வெட்டிவிடலாமா? நல்ல மரங்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கலாமா? மடக்கை எடுத்துப் பயிற்சி கொடுக்கலாமா? இலைகளில் உள்ள பதிவுகளையே திரட்டிக் குவான்டைல் (மதிப்புகளில் குறிப்பிட்ட சதவீதம் எந்த எண்ணுக்குள் அடங்குகிறதோ அந்த எண்) காணலாமா? ஐந்துமே நடைமுறையில் இருப்பவை. ஐந்தும் ஒரே கேள்விக்கான ஐந்து விடைகள் போலத் தோன்றும். உண்மையில் அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. சில சமயம், எந்தக் கேள்விக்கு விடை வருகிறது என்பதையே இலையின் அளவுதான் முடிவு செய்கிறது. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எடுத்துக்காட்டாகப் பலரும் அறிந்த கலிஃபோர்னியா வீட்டு விலைத் தரவை வைத்துக்கொள்வோம். 1990ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது அது. 20,640 பதிவுகள், 8 மாறிகள். ஒவ்வொரு பதிவும் ஒரு சிறு குடியிருப்புப் பகுதி. கணிக்க வேண்டியது அந்தப் பகுதி வீடுகளின் இடைநிலை விலை. எல்லாப் பதிவுகளுக்கும் சேர்த்துச் சராசரி 2,06,856 டாலர், இடைநிலை 1,79,700 டாலர். அதிகபட்சம் 5,00,001 டாலர். அதற்கு மேற்பட்டவை எல்லாம் அந்த எண்ணிலேயே வெட்டப்பட்டுள்ளன. அப்படி வெட்டுப்பட்டவை 965 பதிவுகள்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பிழைக்கு யார், எப்படி விலை கொடுக்கிறார்கள்? பெரிய பிழை ஒன்று பல சிறு பிழைகளைவிட மோசம் என்றால் அது வர்க்கப் பிழை. அதற்குரிய விடை சராசரி. ஒவ்வொரு டாலர் பிழையும் ஒரே அளவு வலிக்கும் என்றால் அது தனிப் பிழை (கூட்டல் கழித்தல் குறியைப் பார்க்காத பிழையளவு). அதற்குரிய விடை இடைநிலை. குறைவாகக் கணித்தால் மும்மடங்கு நட்டம், அதிகமாகக் கணித்தால் ஒரு மடங்குதான் என்றால் உரிய விடை 75% குவான்டைல் (3 ÷ 4). இதைத் தீர்மானிக்காமல் முறையைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் இல்லை.

கணிப்புகளைக் கூட்டப் போகிறீர்களா? 24 மணி நேர மின் தேவையைத் தனித்தனியாகக் கணித்து நாளின் மொத்தத்தைச் சொல்ல வேண்டும், 300 கடைகளின் விற்பனையைக் கூட்டிக் கிடங்குக்கு ஆர்டர் போட வேண்டும் என்றால் சராசரி மட்டுமே கூட்டலுக்குத் தாங்கும். இடைநிலைகளின் கூட்டுத்தொகை மொத்தத்தின் இடைநிலை ஆகாது. வலப்பக்கம் நீண்ட பரவலில் அது பொதுவாகக் குறைவாகவே வரும்.

விலகி நிற்கும் மதிப்புகள் எப்படிப்பட்டவை? உண்மையானவையா, தட்டச்சுப் பிழையா, கலிஃபோர்னியாத் தரவில் உள்ளதுபோல உச்சவரம்பில் வெட்டுப்பட்டவையா? மூன்றுக்கும் மருந்து வேறு.

இலையின் குறைந்தபட்ச அளவு என்ன? பைதான் மொழியின் சைகிட்-லேர்ன் தொகுப்பில் இயல்பு அமைப்பு 1. ஆர் மொழியின் ரேண்டம்ஃபாரஸ்ட் தொகுப்பில் ரெக்ரஷனுக்கு 5. இந்த ஒரு எண்ணை வைத்தே கீழே வரும் முறைகளில் பாதியின் பொருள் மாறுகிறது.

நினைவகமும் சோதனை வசதியும். சராசரிக்கு ஓடும் கூட்டுத்தொகை ஒன்று போதும். 1 லட்சம் பதிவுகளுக்கு 800 கிலோபைட். மற்ற முறைகளுக்கு ஒவ்வொரு மரத்தின் விடையும் வேண்டும். 1 லட்சம் பதிவு, 500 மரம், எண்ணுக்கு 8 பைட் என்றால் 400 மெகாபைட்.

## ஒரு பதிவு, ஐந்து மரங்கள்

கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆயிரம் டாலர் கணக்கு. புதிய பதிவு ஒன்று ஐந்து மரங்களில் இறங்கி இந்த இலைகளை அடைகிறது:

| மரம் | இலையில் உள்ள விலைகள் | மரத்தின் விடை |
|---|---|---|
| 1 | 150, 170 | 160 |
| 2 | 150, 160, 170 | 160 |
| 3 | 160, 180 | 170 |
| 4 | 150, 160, 500 | 270 |
| 5 | 140, 150, 160, 170, 180 | 160 |

மரங்களின் சராசரி 184. மரங்களின் இடைநிலை 160. உச்சத்தையும் அடியையும் ஒவ்வொன்று வெட்டினால் சராசரி 163.3. இலைகளில் உள்ள 15 எண்களையும் ஒரே குவியலாகப் போட்டுச் சராசரி எடுத்தால் 183.3.

இனி இதையே வேறு கோணத்தில் பாருங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் 1/5 எடை; அதை அந்த இலையில் உள்ள பதிவுகள் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்போது 140க்கு மொத்த எடை 0.04, 150க்கு 0.273, 160க்கு 0.273, 170க்கு 0.207, 180க்கு 0.14, 500க்கு 0.067. இந்த எடைகளோடு சராசரி எடுத்தால் அதே 184 வரும். ரேண்டம் ஃபாரஸ்டின் கணிப்பு என்பது பயிற்சிப் பதிவுகளின் எடையிட்ட சராசரிதான். காடு செய்யும் வேலை அந்த எடைகளைக் கண்டுபிடிப்பது. இந்தப் பார்வையை மனதில் இருத்திக்கொண்டால் மற்ற முறைகளை மதிப்பிடுவது எளிது.

கேள்வி இப்போது தெளிவாகிறது. அந்த 500 உண்மையான விலை என்றால், இத்தகைய வீடுகளில் ஏறத்தாழ 15இல் ஒன்று அந்த விலைக்குப் போகிறது என்று பொருள். 184 சரியான விடை. அது யாரோ ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டியது என்றால் 160தான் விடை. எந்தச் சூத்திரமும் இதை உங்களுக்காகத் தீர்மானித்துவிடாது.

## மரங்களின் சராசரி

சராசரிக்கு ஓர் உறுதிமொழி உண்டு. இடைநிலைக்கும் ஓரம் வெட்டிய சராசரிக்கும் அது இல்லை. குரோ, வெடல்ஸ்பி இருவரும் 1995இல் காட்டிய சமன்பாடு அது: சராசரியின் வர்க்கப் பிழை, தனி மரங்களின் வர்க்கப் பிழைகளின் சராசரியிலிருந்து மரங்களுக்கு இடையிலான சிதறலைக் கழித்தால் வருவதற்குச் சமம். மேலே உள்ள பதிவின் உண்மை விலை 170 என்று வைத்துக்கொண்டால் மரங்களின் வர்க்கப் பிழைச் சராசரி 2,060; சிதறல் 1,864; மீதி 196. அதாவது 14இன் வர்க்கம். ஒவ்வொரு பதிவிலும் இது தப்பாமல் நிற்கும். ஆகவே சராசரி, ஒரு சராசரி மரத்தைவிட மோசமாக முடியாது.

மரங்களைக் கூட்டிக்கொண்டே போனால் பிழை குறைந்துகொண்டே போகுமா? போகாது. ஒரு மரத்தின் விலக்க வர்க்கச் சராசரி (சிதறலின் அளவு) 1, மரங்களுக்கு இடையிலான ஒட்டுறவு (ஒன்றாக ஏறி இறங்கும் அளவு) 0.3 என்றால், 10 மரங்களின் சராசரிக்கு அது 0.37; 100க்கு 0.307, 500க்கு 0.3014. தரை 0.3. எந்தத் திரட்டும் முறையைக் கொண்டும் அந்தத் தரையை உடைக்க முடியாது. மரங்களின் ஒட்டுறவைக் குறைத்தால்தான் உடையும். சைகிட்-லேர்ன் ரெக்ரஷனில் ஒவ்வொரு பிளவிலும் எல்லா மாறிகளையும் பார்ப்பது இயல்பு அமைப்பு. அது அடிப்படையில் பேகிங்தான். ஆர் மொழியின் ரேண்டம்ஃபாரஸ்ட் மூன்றில் ஒரு பங்கு மாறிகளைப் பார்க்கிறது. 8 மாறி என்றால் 2. திரட்டும் முறையை மாற்றி அரை நாள் செலவிடும் முன் இந்த அமைப்பை 1.0, 0.5, 0.33 என்று மூன்று மதிப்புகளில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிக லாபம் இங்கேதான் கிடைக்கும்.

சராசரியின் மறைமுகச் செலவு: கணிப்புகள் நடுவை நோக்கிச் சுருங்கும். மிக விலை உயர்ந்த பகுதியின் இலைகளில் கொஞ்சம் மலிவான அண்டைப் பதிவுகளும் கலந்திருக்கும். அதனால் உச்சியில் குறைவாகவும் அடியில் அதிகமாகவும் கணிக்கும்.

இதை எப்போது தேர்வது: கணிப்புகளைக் கூட்ட வேண்டியபோது, வர்க்கப் பிழையில் மதிப்பிடப்படும்போது, பெரிய மதிப்புகள் உண்மையானவை என்று தெரிந்தபோது. வேறு காரணம் எதுவும் இல்லாதபோதும் இதுதான்.

## மரங்களின் இடைநிலை

பலரும் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் எழுத ஒரு வரி போதும். ஆனால் இந்த ஒரு வரி எதைக் கணக்கிடுகிறது என்பது இலையின் அளவைப் பொறுத்தது.

இலை அளவு 1 என்று வைத்து மரங்களை முழுதாக வளர்த்தால், ஒவ்வொரு மரமும் பயிற்சித் தரவில் உள்ள ஒரு விலையை அப்படியே திருப்பித் தருகிறது. 500 மரங்களின் விடைகள் என்பவை 500 உண்மையான விலைகள். அவற்றின் இடைநிலை, அந்தப் பதிவு போன்ற வீடுகளின் விலைப் பரவலின் இடைநிலையே. நீங்கள் கேட்டதும் அதுதான்.

இலை அளவு 50 என்றால் கதை வேறு. ஒவ்வொரு மரமும் 50 விலைகளின் சராசரியைத் தருகிறது. அந்தச் சராசரிகள் ஏறக்குறைய சமச்சீராகச் சிதறும். சமச்சீரான குவியலில் இடைநிலையும் சராசரியும் ஒன்றே. ஆக, நீங்கள் இடைநிலை எடுத்ததாக நினைத்துக்கொண்டு திரும்பவும் சராசரியைத்தான் எடுக்கிறீர்கள், அதுவும் கூடுதல் இரைச்சலோடு. இயல்நிலைப் பரவலில் இடைநிலையின் விலக்க வர்க்கச் சராசரி, சராசரியினுடையதைப் போல் 1.57 மடங்கு. 500 மரங்களின் சராசரி தரும் நிலைத்தன்மையை இடைநிலையில் பெற 785 மரங்கள் வேண்டும்.

இடைப்பட்ட அளவுகளில், 5 அல்லது 10இல், விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அதற்குப் பெயர் எதுவும் இல்லை. இலை அளவை ஹைப்பர்பாராமீட்டராக (பயிற்சிக்கு முன்பே வைக்கும் அமைப்பாக) எடுத்துப் பொருத்தமான மதிப்பைத் தேடும் பைப்லைனில் மரங்களின் இடைநிலையை வைத்தால், தேடல் நகர நகர, கணிக்கும் பொருளே நகர்கிறது. இதனால்தான் ஒருவர் சோதனையில் இடைநிலை வெல்கிறது, இன்னொருவர் சோதனையில் தோற்கிறது.

இன்னொரு பொறி உண்டு, இது கொடியது. பூட்ஸ்ட்ராப்பில் (மரத்துக்கு மரம், எடுத்த பதிவைத் திரும்பப் போட்டுத் தற்செயலாகப் பதிவுகளை எடுப்பது) ஒவ்வொரு பயிற்சிப் பதிவும் ஏறத்தாழ 63.2% மரங்களுக்குள் போகும். இலை அளவு 1 என்றால் அந்த மரங்கள் எல்லாம் அந்தப் பதிவின் சொந்த விலையையே சொல்லும். பாதிக்கு மேற்பட்ட மரங்கள் ஒரே எண்ணைச் சொன்னால் இடைநிலையும் அதே எண். பயிற்சித் தரவில் பிழை சுத்தமாகப் பூஜ்யம்! சராசரியில் இது பகுதியளவுதான் ஒளியும். இடைநிலையில் முழுமையாக ஒளிந்துவிடும். பயிற்சித் தரவில் இரண்டையும் ஒப்பிட்டு இடைநிலை அபாரம் என்று முடிவு கட்டுவது இப்படித்தான் நடக்கிறது.

தனிப் பிழையைப் பிளவு அளவுகோலாக வைத்தால் போதாதா என்று கேட்கலாம். சைகிட்-லேர்னில் அப்படி வைத்தால் இலையில் இடைநிலை சேமிக்கப்படும். ஆனால் மரங்களுக்கு இடையே அப்போதும் சராசரிதான் எடுக்கப்படும். இலை அளவு 1 என்றால் ஒற்றைப் பதிவின் இடைநிலையும் சராசரியும் அதே எண் என்பதால் மாறுவது பிளவுகள் மட்டுமே. பயிற்சி நேரமோ கணிசமாகக் கூடும்.

இதை எப்போது தேர்வது: இலை அளவு 1, தனிப் பிழையில் மதிப்பீடு, கூட்டல் தேவையில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டும். சேராவிட்டால் கீழே வரும் இலைப் பதிவுகளின் இடைநிலையே மேல்.

## ஓரம் வெட்டிய சராசரி

500 மரங்களில் இருபுறமும் 5% என்றால் 25 + 25 மரங்களை விட்டுவிட்டு 450இன் சராசரி. சென்சார் தரவில் எப்போதாவது −999 போன்ற பிழைக் குறியீடுகள் நழுவி வந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் காப்பீடாக உதவும். ஆனால் அந்தக் குறியீடுகளைத் தரவிலேயே நீக்குவதுதான் முறை. கணிப்பில் வெட்டினாலும் அவை பிளவுகளை ஏற்கெனவே கெடுத்திருக்கும். ஒரே ஒரு −999 வர்க்கப் பிழையை அவ்வளவு ஏற்றிவிடும் என்பதால், அது போய்ச் சேர்ந்த மரம் அதைத் தனிமைப்படுத்தவே முதல் சில பிளவுகளைச் செலவழிக்கும்.

வலப்பக்கம் நீண்ட விலைப் பரவலில் இருபுறமும் சம அளவு வெட்டினாலும் இழப்பு ஒருபுறம்தான். கீழே வெட்டியவை நடுவுக்கு அருகில் இருப்பவை, மேலே வெட்டியவை தொலைவில் இருப்பவை. மொத்தம் குறைந்தே வரும். விலை, வருமானம், காப்பீட்டுக் கோரிக்கைத் தொகை போன்றவற்றில் இதைத் தவிர்ப்பது நல்லது.

## மரங்களுக்கு எடை

ஓஓபி பிழை (ஒரு மரம் தன் பயிற்சியில் பார்க்காத பதிவுகளில் செய்யும் பிழை) குறைந்த மரத்துக்கு அதிக எடை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஏமாற்றம். எல்லா மரங்களும் ஒரே தரவிலிருந்து ஒரே அமைப்போடு வளர்ந்தவை; அவற்றின் பிழைகள் பெரிதாக வேறுபடுவதில்லை. எடைகளின் திட்ட விலக்கம் அவற்றின் சராசரியில் 10% என்றே வைத்துக்கொண்டாலும், 500 மரங்களின் பயன்படு எண்ணிக்கை (சம எடை மரங்கள் எத்தனைக்கு ஈடு என்பது) 495. கிட்டத்தட்ட அதே சராசரிதான்.

இதைப் பார்த்துச் சலித்து எடைகளை ஐந்தாம் படிக்கு, பத்தாம் படிக்கு உயர்த்துபவர்கள் உண்டு. அப்போது சில மரங்கள் மட்டும் ஆதிக்கம் செலுத்தும். காடு தந்த நிலைத்தன்மை போய்விடும். மேலும், மொத்தத்தில் நல்ல மரம் இந்தக் குறிப்பிட்ட பதிவில் நல்ல மரமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடற்கரைப் பகுதியைச் சரியாகப் பிரித்த மரம் உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் சொதப்பலாம்.

மறைமுகச் செலவு மதிப்பீட்டில் இருக்கிறது. ஓஓபி பதிவுகளை வைத்து எடை கண்டுபிடித்துவிட்டு, அதே ஓஓபி பிழையை முடிவாகச் சொன்னால் அது தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது. தனியே ஒரு சோதனைத் தொகுதி கட்டாயம்.

எடை உண்மையில் பலன் தருவது மரங்கள் ஒரே குடும்பமாக இல்லாதபோது: மாதந்தோறும் புதிய தரவில் 50 மரங்கள் வளர்த்துப் பழையவற்றோடு சேர்க்கிறீர்கள், அல்லது வெவ்வேறு கிளைகளின் தரவில் தனித்தனியே வளர்த்த காடுகளை இணைக்கிறீர்கள் என்றால். அங்கும் மரத்துக்கு மரம் எடை வேண்டாம். குழுவுக்கு ஓர் எடை போதும். குறை எண் வராத மீச்சிறு வர்க்க முறையில், தனிச் சோதனைத் தொகுதியில் கண்டுபிடியுங்கள்.

## இலைப் பதிவுகளைத் திரட்டுவது

மரங்களின் விடைகளை மறந்துவிட்டு, மேலே பார்த்த எடைகளையே நேரடியாகப் பயன்படுத்துவது இந்த வழி. நிக்கோலாய் மைன்ஸ்ஹௌசன் 2006இல் எழுதிய குவான்டைல் ரெக்ரஷன் ஃபாரஸ்ட் இதுதான். நம் ஐந்து மர எடுத்துக்காட்டில் எடைகளைக் கீழிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் 140இல் 0.04, 150இல் 0.313, 160இல் 0.587. பாதியைத் தாண்டியது 160இல்; ஆகவே இடைநிலை 160. தொடர்ந்தால் 170இல் 0.793, 180இல் 0.933. எனவே 90% குவான்டைல் 180. 95% குவான்டைலோ ஒரே தாவலில் 500. இந்தத் தாவலே ஒரு செய்தி: இவ்வகை வீடுகளில் நடு தெளிவாக இருக்கிறது, மேல் வால் நம்பத்தகாதது.

இலை அளவு எதுவானாலும் இங்கே கேட்ட கேள்விக்கே விடை வரும். இலை 1 ஆக இருந்தாலும் 50 ஆக இருந்தாலும் கணிப்பது பரவலின் இடைநிலையைத்தான். மாறுவது துல்லியம் மட்டும். மரங்களின் இடைநிலையைவிட இதை நான் மேலாக வைப்பது இதனால்தான். இலை அளவை 10 முதல் 20 வரை வைத்து, ஓரக் குவான்டைல்கள் வேண்டுமென்றால் மரங்களை 1,000க்கு மேல் கொண்டுபோங்கள்.

கலிஃபோர்னியாத் தரவு இதற்கு அருமையான இடம். 5,00,001 என்று பதிவான 965 பகுதிகளின் உண்மை விலை அதற்கும் மேல். சராசரி எடுத்தால் அந்தப் பதிவுகள் கலந்த ஒவ்வொரு கணிப்பும் குறைவாகவே வரும். எவ்வளவு குறைவு என்று தரவிலிருந்து சொல்ல வழியில்லை. இலை எடைகளின் இடைநிலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. வெட்டுப்பட்ட பதிவுகளின் மொத்த எடை 0.5க்குக் கீழே இருக்கும்வரை, அவற்றின் உண்மை விலை 6 லட்சமா 20 லட்சமா என்பது இடைநிலையை அசைக்காது. எடை பாதியைத் தாண்டினால் விடை 5,00,001 என்றே வரும். அதை "5 லட்சம் அல்லது அதற்கு மேல்" என்று படித்துக்கொள்ள வேண்டும். உச்சவரம்பில் வெட்டுப்பட்ட எந்தத் தரவுக்கும், அது சென்சாரின் அளவெல்லையானாலும் சரி, கருத்துக்கணிப்பின் "இதற்கு மேல்" என்ற கடைசிப் பெட்டியானாலும் சரி, இது பொருந்தும்.

செலவு? ஒவ்வொரு பயிற்சிப் பதிவும் ஒவ்வொரு மரத்தில் எந்த இலையில் இருக்கிறது என்று சேமிக்க வேண்டும்: 20,640 × 500 = 1.03 கோடி எண்கள், எண்ணுக்கு 8 பைட் வீதம் சுமார் 83 மெகாபைட். இது தாங்கக்கூடியதே. எடை அணியை முழுதாக உருவாக்குவதுதான் ஆபத்து: 1 லட்சம் புதிய பதிவு × 20,640 பயிற்சிப் பதிவு × 8 பைட் = 16.5 கிகாபைட். ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து ஓட்டுங்கள். ஆர் மொழியின் ரேஞ்சர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது: குவான்டைல் அமைப்பை இயக்கினால் ஒவ்வொரு மரத்தின் ஒவ்வொரு இலையிலிருந்தும் ஒரே ஒரு பதிவைத் தற்செயலாக எடுத்து வைத்துக்கொள்ளும். நினைவகம் மிச்சம்; பதிலுக்கு மரங்கள் அதிகம் வேண்டும். பைதானில் குவான்டைல்-ஃபாரஸ்ட் தொகுப்பு இதே வேலையைச் செய்கிறது.

ஒரு பக்கக் குறிப்பு. ஆர் மொழியின் பார்ட்டி தொகுப்பில் உள்ள சிஃபாரஸ்ட், மரங்களின் விடைகளைச் சராசரி எடுப்பதில்லை. பதிவுகளின் எடைகளைத் திரட்டுகிறது. பெரிய இலைக்குப் பெரிய குரல். நம் எடுத்துக்காட்டின் 184க்கும் 183.3க்கும் உள்ள வேறுபாடு அந்த வகையைச் சேர்ந்தது. இரண்டு தொகுப்புகளில் ஒரே தரவை ஓட்டி விடை ஒத்துவரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன் இதைச் சரிபாருங்கள்.

மரங்களின் விடைகளுக்கு இடையிலான திட்ட விலக்கத்தை எடுத்து "கணிப்பு இடைவெளி" என்று அறிக்கையில் போடுவதும் இங்கேயே நிறுத்தப்பட வேண்டிய பழக்கம். இலை அளவைக் கூட்டினால் அந்த இடைவெளி தானாகச் சுருங்கும். வீட்டு விலைகளின் சிதறல் அதனால் சுருங்கிவிடவில்லை. இலை எடைகளின் 5%, 95% குவான்டைல்களே அந்த வேலைக்கு உரியவை.

## மடக்கை எடுத்துப் பயிற்சி

விலைகளின் மடக்கையில் காட்டை வளர்த்து, கடைசியில் திருப்புவது. பிளவுகள் பெரிய விலைகளுக்கு அடிமையாகாமல் சதவீத வேறுபாடுகளைப் பார்க்கத் தொடங்கும். இது உண்மையான நன்மை. மதிப்பீடே மடக்கை அளவில் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதை எடுங்கள்.

டாலரில் சராசரி வேண்டும் என்றால் எச்சரிக்கை. மடக்கைகளின் சராசரியைத் திருப்பினால் வருவது பெருக்குச் சராசரி. அது கூட்டுச் சராசரியைவிடக் குறைவு. மடக்கை அளவில் எச்சங்களின் (உண்மைக்கும் கணிப்புக்கும் உள்ள வேறுபாடுகளின்) திட்ட விலக்கம் 0.5, பரவல் இயல்நிலை என்றால் குறைவு சுமார் 12%.

ஒவ்வொரு மரத்தின் விடையையும் முதலில் திருப்பிவிட்டுப் பிறகு சராசரி எடுத்தால் சரியாகுமா? மறுபடியும் இலை அளவுதான் பதில் சொல்கிறது. இலை 1 என்றால் ஒவ்வொரு மரமும் ஓர் உண்மை விலையையே தருவதால் கூட்டுச் சராசரி முழுதாகத் திரும்பக் கிடைக்கும். இலை 20 என்றால் ஒவ்வொரு மரமும் ஏற்கெனவே பெருக்குச் சராசரியாகச் சுருக்கிவிட்டது; திருப்பும் இடத்தை மாற்றுவதால் பெரிதாக எதுவும் மீளாது.

எந்த இலை அளவிலும் செல்லும் திருத்தம் டுவான் 1983இல் தந்தது: மடக்கை எச்சங்கள் ஒவ்வொன்றையும் அடுக்கேற்றி, அவற்றின் சராசரியைப் பெருக்குக் காரணியாக வைப்பது. எச்சங்கள் ஓஓபி கணிப்பிலிருந்து வர வேண்டும். பயிற்சிக் கணிப்பிலிருந்து எடுத்தால் அவை செயற்கையாகச் சிறுத்து, காரணி 1ஐ ஒட்டி நிற்கும். திருத்தம் செய்ததாகப் பெயர் மட்டும் மிஞ்சும். மலிவான பகுதியிலும் விலையுயர்ந்த பகுதியிலும் எச்சங்களின் சிதறல் வேறுபட்டால் ஒரே காரணி போதாது; கணிப்பை ஐந்து பட்டைகளாகப் பிரித்துப் பட்டைக்கு ஒன்று கணக்கிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | விடை சொல்லும் கேள்வி | கூட்டலுக்குத் தாங்குமா | இலை அளவு மாறினால் பொருள் மாறுமா | முக்கியச் செலவு |
|---|---|---|---|---|
| மரங்களின் சராசரி | சராசரி விலை | ஆம் | இல்லை | ஓரங்களில் சுருக்கம் |
| மரங்களின் இடைநிலை | இலை 1 என்றால் இடைநிலை. பெரிய இலை என்றால் ஏறக்குறைய சராசரி | இல்லை | ஆம் | 1.57 மடங்கு மரங்கள், முழு அணி |
| ஓரம் வெட்டிய சராசரி | தெளிவான பெயர் இல்லை | இல்லை | ஆம் | நீண்ட வாலில் குறைகணிப்பு |
| மரங்களுக்கு எடை | சராசரி விலை | பெரும்பாலும் | இல்லை | தனிச் சோதனைத் தொகுதி |
| இலைப் பதிவுகளின் குவான்டைல் | கேட்ட குவான்டைல் | இல்லை | இல்லை | சேமிப்பு, கணிக்கும் நேரம் |
| மடக்கை, திருத்தத்தோடு | சராசரி விலை | ஏறக்குறைய | திருத்தம் இருந்தால் இல்லை | காரணியைக் காலாவதியாகாமல் பார்ப்பது |

## உங்கள் தரவில் சோதிக்கும் வழி

காட்டை ஒரே ஒரு முறை வளர்த்து, அதே காட்டின் மேல் எல்லா முறைகளையும் ஓட்டுங்கள். முறைக்கு ஒரு காடு என்று தனித்தனியே வளர்த்தால் தற்செயல் விதையால் (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) வரும் வேறுபாடு, முறைகளுக்கு இடையிலான வேறுபாட்டையே விழுங்கிவிடக்கூடும். பிறகு ஐந்து விதைகளில் திரும்பச் செய்து, எல்லாவற்றிலும் ஒரே முறை வெல்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு மரத்தின் விடையும் கைக்கு வர, சைகிட்-லேர்னில் காட்டுக்குள் இருக்கும் மரங்களின் பட்டியலைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் கணிக்கச் சொல்ல வேண்டும். ஆர் தொகுப்புகளில் எல்லா மரங்களின் விடையையும் தா என்ற அமைப்பு கணிக்கும் கட்டளையிலேயே உண்டு. மென்பொருள் தானாகத் தரும் ஓஓபி கணிப்பு பெரும்பாலும் சராசரிக்கு மட்டுமே. மற்ற முறைகளுக்கு எந்தப் பதிவு எந்த மரத்துக்குள் போனது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, அந்தப் பதிவைப் பார்க்காத மரங்களை மட்டும் எடுத்துக் கணக்கிட வேண்டும். 500 மரங்களில் அப்படிப்பட்டவை பதிவுக்குச் சுமார் 184. 100 மரங்கள் என்றால் 37தான். இடைநிலையைத் தீர்ப்பிட அது போதாது.

மொத்தப் பிழை ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள். கணிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, பத்துப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கணித்த மொத்தத்தை உண்மை மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். சராசரியைக் கேட்டிருந்தால் விகிதம் எல்லாப் பட்டையிலும் 1ஐ ஒட்டி இருக்க வேண்டும். இடைநிலையைக் கேட்டிருந்தால் இந்த விகிதம் செல்லாது; பதிலாக, கணிப்புக்குக் கீழே விழுந்த உண்மை விலைகள் எத்தனை சதவீதம் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் 50ஐ ஒட்டி வர வேண்டும். சைகிட்-லேர்னில் இலை அளவை 1, 5, 20, 50 என்று மாற்றி மரங்களின் இடைநிலையை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால், நீண்ட வால் உள்ள தரவில் அந்த 50 மெல்ல மெல்ல மேலே ஏறுவதைக் காணலாம். கணிப்பு இடைநிலையிலிருந்து சராசரியை நோக்கி நகர்வதன் அடையாளம் அது.

மேல் பட்டையில் விகிதம் பிசகினால் அது திரட்டும் முறையின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சித் தரவின் உச்சத்துக்கு மேல் எந்த மரமும் விடை சொல்லாது. ஆகவே எந்தச் சராசரியும் சொல்லாது. விலைகள் ஆண்டுதோறும் ஏறும் தரவில் போக்கை நேர்கோட்டு மாதிரியால் முதலில் கழித்துவிட்டு, எச்சத்தைக் காட்டுக்குக் கொடுங்கள். ஓரச் சுருக்கம் மட்டும்தான் பிரச்சினை என்றால் ஓஓபி கணிப்பின் மேல் உண்மை விலையை ஒரு நேர்கோடாகப் பொருத்தித் திருத்தலாம். ஆர் மொழியின் ரேண்டம்ஃபாரஸ்டில் இதற்கான அமைப்பு ஒன்று உண்டு. அது சோதனை நிலையில் உள்ளது, உங்கள் பொறுப்பில் பயன்படுத்துங்கள் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. கையால் செய்வதென்றால் சாய்வு 1.05, 1.1 என்ற அளவில் இருக்கும்வரை திருத்துங்கள். 1.3ஐத் தாண்டினால் இலை அளவு பெரிதாகிவிட்டதா, முக்கியமான மாறி ஏதாவது விடுபட்டதா என்று முதலில் தேடுங்கள்.